பருத்திப் பூவும் என் அப்பாவின் பொருத்தனையும்

படித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று, உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் உட்கார்ந்திருந்தேன். 1986 தொடங்கி 1992 வரை, இராஜபாளையத்தில், எங்கள் வீட்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில். கையில் இரண்டு பட்டம். ஒன்று தாவரவியலில் பி.எஸ்சி., இன்னொன்று பி.எட். இரண்டையும் வைத்துக்கொண்டு அரிசி புடைத்தேன், தண்ணீர் பிடித்தேன், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொன்னேன். இதில் கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டம்.

அன்பான விசுவாசிகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவர் ஒன்றும் செய்யாமல் இருந்த மாதிரி தெரிந்த வருஷங்களையும் சொல்லியாக வேண்டும். அதை மறைத்து நல்லதை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

என் பெயர் ஜெயராணி. அப்பா சாமுவேல் நூற்பாலைத் தொழிலாளி. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு மில்லுக்குள் போனவர். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. நான் ஒருத்திதான் தங்கினேன். அதனால் அப்பாவுக்கு என் மேல் பாசம் என்பதைவிடப் பயம் என்று சொல்லலாம். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆண்டவருக்கு இன்னது தருகிறேன் என்று பொருத்தனை, பரீட்சை வந்தாலும் பொருத்தனை. கோவிலில் எங்கள் வீட்டுக் காணிக்கை இல்லாத மாதம் கிடையாது.

1982-ல் பிளஸ் டூ முடித்தேன். கல்லூரியில் சேர்க்க அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி எங்களுக்கு முந்தியே போய் வேதியியலில் சேர்ந்துவிட்டாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சின்ன வயதிலிருந்தே நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரிவோம். அதனால் நானும் அதையே கேட்கலாம் என்று போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கெமிஸ்ட்ரி முடிஞ்சிருச்சு. கணக்கு முடிஞ்சிருச்சு. பாட்டனி இருக்கு."

"அதுவும் பி.எஸ்சி.தானே சார்?" என்றார் அப்பா.

"பி.எஸ்சி.தான்."

"அப்ப அதுலயே போடுங்க."

அவ்வளவுதான். கத்தரிக்காய் இல்லை என்றால் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி என் படிப்பு முடிவானது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. பட்டம் என்றால் பட்டம், பட்டம் வாங்கினால் டீச்சர், டீச்சர் என்றால் சர்க்கார் சம்பளம் என்று அவர் நம்பியிருந்தார். எங்கள் தெருவில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் பக்கத்துச் சபைகளில் அன்றைக்கு ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த வாழைத்தார், பூசணிக்காய், கோழி எல்லாவற்றையும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். ஒரு தேங்காயை நாலு தேங்காய் விலைக்கு எடுப்பதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம். அப்பா ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தார். எடுத்த சூட்டோடு மைக்கை வாங்கினார்.

"எம் மக படிச்சு முடிச்சுக் கவர்மெண்டு டீச்சராகி வாங்குற மொத சம்பளம் அம்புட்டும் ஆண்டவருக்குக் காணிக்க. சபைக்கு முன்னால சொல்லுதேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் தட்டினேன்.

மூன்று வருஷம் தாவரவியல் படித்தேன். எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு ஒரு வருஷம் பி.எட். முடித்தவுடன் அப்பாவும் நானும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்தோம். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். என்னை உட்கார வைத்து விளக்கினார்.

"கணக்கு, இங்கிலீஷ்னா சீக்கிரம் வரும்மா. பாட்டனிக்கு உனக்கு முன்னாடி ஊர்ப்பட்ட பேரு பதிஞ்சு வச்சிருக்காங்க. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எடுக்கணும்னா எம்.எஸ்சி. வேணும். நீ வேற ஏதாவது பாத்துக்கிட்டே இரு."

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "அவரு கெடக்காரு. ஆண்டவர் கிட்ட சொல்லியாச்சு."

அந்த மாதமே கஸ்தூரிக்கு வேலை கிடைத்தது. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி செய்கிற ஒரு தொழிற்சாலையில், சரக்கைச் சோதித்துப் பார்க்க வேதியியல் படித்த ஆள் தேவைப்பட்டது. நாலு வீடு தள்ளி இருந்த ஒருவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு மில்லில் சேர்ந்துவிட்டான். பிளஸ் டூ முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போன என் வகுப்புத் தோழி ஒருத்தி சேத்தூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். எல்லோரும் ஒரே வயது. எல்லோரையும் விட அதிகம் படித்தவள் நான்தான். நான் மட்டும் வீட்டில் இருந்தேன்.

கஸ்தூரி சும்மா இருக்கவில்லை. தன் முதலாளியிடம் பேசி, பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ள என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஓடி வந்து வாசலிலேயே நின்று, "ஏமே, திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாரு!" என்று என் கையைப் பிடித்துக் குதித்தாள். நானும் குதித்தேன். உள்ளே இருந்து அப்பா வந்தார்.

"வேண்டாம்மா கஸ்தூரி."

"ஏன் மாமா? நல்ல எடம். நான் கூடவே இருக்கேன்."

"அதுக்கில்ல. பொருத்தன கவர்மெண்டு டீச்சருக்குச் சொன்னது. இவ ஒங்கூட வந்துட்டா மொத சம்பளம் அங்க விழுந்துரும். பொறவு ஆண்டவர்கிட்ட எதக் கொண்டுபோய் வைக்க?"

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒருத்திக்கு முதல் சம்பளம் ஒரு தடவைதான் வரும் என்பது அப்பாவின் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. ஆண்டவருடைய பெயரைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அடுத்து ஒரு நர்சரிப் பள்ளியில் கூப்பிட்டார்கள். டீச்சர் வேலைதான். அது சர்க்கார் இல்லை என்று அப்பா விடவில்லை. அதற்குப் பின் ஒரு ஜவுளிக் கடை, ஒரு மருந்துக் கடை. எல்லாவற்றுக்கும் இதே பதில். பிறகு கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு நடுவில் பஞ்சுத் தூசியில் அப்பாவுக்கு மூச்சிளைப்பு வந்துவிட்டது. மில்லை விட்டு நின்றார். மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் வைத்தியத்துக்கே போதவில்லை. அம்மா, பேண்டேஜ் துணி மடித்துக் கொடுக்கும் கூலி வேலையை வீட்டுக்கே வாங்கி வந்தாள். அம்மாவும் நானும் சேர்ந்துதான் மடிப்போம். அதை அப்பா தடுக்கவில்லை. கூலி அம்மா பெயரில் வந்தது, அதனால் அது என் முதல் சம்பளம் ஆகாதாம். இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்தத் துணியை மடித்துக்கொண்டே அழுதிருக்கிறேன். கறை பட்டால் அடுக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அழுவேன்.

மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். "பொண்ணு என்ன வேல பாக்கு?" என்பது முதல் கேள்வி. "வரும்" என்பார் அப்பா. வந்தவர்களில் ஒரு பெரியவர், "பாட்டனின்னா தோட்ட வேலைக்குள்ள படிப்புல்லா?" என்று வேடிக்கையாகக் கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தார். அந்த இடமும் தட்டிப்போனது. வயது ஏற ஏற வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவதே எனக்குப் பிடிக்காது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "வேல கெடச்சிருச்சா ஜெயா?" என்று நாலு பேராவது கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எனக்காக ஜெபிக்கிறவர்கள்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் "இன்னும் இல்ல" என்று சொல்லும்போது, என் வாயாலேயே என்னைக் குறைத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும்.

1990 அறுப்பின் பண்டிகையில் அது நடந்தது. ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் கலகலப்பான ஆள். கூட்டத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டு மைக்கிலேயே கூப்பிட்டார்.

"சாமுவேல் அண்ணாச்சி! ஒங்க பொருத்தன எப்ப வரும்? ஆண்டவரு எம்புட்டு நாளைக்குத்தான் காத்துக் கெடப்பாரு?"

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மெதுவாக வெளியே நடந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அவர் கோவிலுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு மூச்சு வாங்குகிறது என்றார். அதற்கடுத்த ஞாயிறு காரணமே சொல்லவில்லை. கிறிஸ்மஸுக்கும் போகவில்லை. வீட்டில் சாயங்கால ஜெபத்தை அவர்தான் நடத்துவார், அதுவும் நின்றுபோனது.

வேலை இல்லாததைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. எனக்காக ஜெபித்தே முழங்கால் காய்ப்பேறிய மனிதர், என்னால் ஆண்டவரை விட்டு விலகிவிட்டார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. வீட்டில் மூன்று பேர் இருந்தும் நாள் முழுக்கத் துணி மடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

எனக்கும் ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் வாய் திறக்காது. காலையில் கண் விழிக்கும்போது, ஏன் விழித்தோம் என்றுதான் முதலில் தோன்றும். அம்மா சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவேன், எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருப்பேன். ஆண்டவர் இருக்கிறாரா என்று சந்தேகப்படவில்லை. அவர் இருக்கிறார், என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நம்பினேன். சந்தேகப்படுவதைவிட அது மோசம்.

1992, நல்ல வெயில் காலம். ஒரு மத்தியானம் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மடித்த துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். உள்ளே அப்பா இருமும் சத்தம் கேட்டது. இருமல் நின்ற பிறகு, யாருக்கும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முனகினார். அதற்கு மேல் அவருக்கும் வார்த்தை வரவில்லை.

ஈரக் கையோடு துவைக்கிற கல் பக்கத்திலேயே மண்டி போட்டேன். இத்தனை வருஷமாகக் கேட்டதைக் கேட்கவில்லை. "ஆண்டவரே, எனக்கு வேலை வேண்டாம். கல்யாணம் வேண்டாம். எங்கப்பாவை அந்த வார்த்தையிலிருந்து அவிழ்த்து விடும். அவர் திரும்பவும் கோவிலுக்கு வந்தால் போதும். அதற்கு என்ன ஆனாலும் சரி." இவ்வளவுதான் என் ஜெபம். ஆமென் சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

வானம் ஒன்றும் திறக்கவில்லை. பல நாள் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் எங்கள் சபை ஐயர் வந்தார். குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்லுவோம். புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்கள் கதை அவருக்கு முழுதாகத் தெரியாது. அம்மா போட்ட நாற்காலியில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

தேவதானத்தில் சில விவசாயிகள் ஒரு விதைக் கம்பெனிக்காக ஹைபிரிட் பருத்தி விதை போடுகிறார்கள். ஒரு ரகத்துப் பூவின் மகரந்தத்தை இன்னொரு ரகத்துப் பூவில் கையாலேயே தொட்டு வைத்து எடுக்கிற விதை. போன வருஷம் அந்த விதை கலப்படம் என்று சோதனையில் தள்ளிவிட்டார்கள். இந்த வருஷமும் தள்ளினால் அத்தனை பேரும் நொடித்துப் போவார்கள். வயலில் வேலை செய்வது எல்லாம் பெண்கள். கூடவே நின்று பார்த்துக்கொள்ள, பூவைப் பற்றித் தெரிந்த ஒரு பெண் கம்பெனிக்கு வேண்டும்.

"ஜெயராணி பாட்டனி படிச்சிருக்கிறதா சொன்னாங்க. அதான் நேரா வந்துட்டேன்" என்றார் ஐயர்.

என் படிப்பின் பெயரைச் சொல்லி ஒருவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே பேசினார்.

"பருத்திக் காட்டுக்குப் போறதுக்கா அம்புட்டுப் படிக்க வச்சேன்? அதெல்லாம் வேண்டாம் ஐயா. பொருத்தன ஒண்ணு இருக்கு. அது நெறவேறாம இவ எங்கயும் போகக்கூடாது."

ஐயர் விவரம் கேட்டார். அம்மா சொன்னாள். அப்போது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. நான் யோசித்து வைத்திருந்தது அல்ல. கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

"அப்பா, மொத சம்பளம் வாங்காமலே நான் செத்துப் போயிட்டேன்னா, அந்தப் பொருத்தன என்னப்பா ஆகும்?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா திரும்பினார். ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கண்ணாடியை நான் பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. இளைப்பு வந்துவிட்டது என்று அம்மா ஓடினாள். அது இளைப்பு இல்லை, அழுகை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆணியில் தொங்கிய சட்டையை அப்பா எடுத்துப் போட்டார். நடந்து வர முடியாமல் வழியில் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். ஆராதனை முடிகிற நேரத்தில் ஐயரிடம் கை காட்டிவிட்டு எழுந்து நின்றார். மைக் வேண்டாம் என்றுவிட்டார். சபையே அமைதியாக இருந்ததால் அந்த மூச்சு வாங்குகிற குரல் எல்லோருக்கும் கேட்டது.

"பத்து வருசத்துக்கு முன்னால, எம் மக கவர்மெண்டு டீச்சராவான்னு இங்கதான் சொன்னேன். ஆண்டவரு எங்கிட்ட அப்படிச் சொல்லல. நாந்தான் சொன்னேன். நான் சொன்னத அவரு சொன்னதா நெனச்சிக்கிட்டேன். எம் பிள்ளய வீட்டுக்குள்ள கட்டிப் போட்டது அவரு இல்ல, நான். இன்னைக்கு அவுத்து விடுதேன். மொத சம்பளம் அவருக்குத்தான், அதுல மாத்தமில்ல. எந்த வேலன்னு அவரே பாத்துக்கிடட்டும்."

உட்காரும்போது தடுமாறினார். பக்கத்தில் இருந்து தாங்கிப் பிடித்தவர், அன்று மைக்கில் சிரிக்க வைத்த அந்த ஏலக்காரர்தான். அவரும் அழுதுகொண்டிருந்தார். நான் பெண்கள் பக்கத்தில் இருந்தேன். துவைக்கிற கல் பக்கத்தில் நான் கேட்டது இதுதான், இதை மட்டும்தான். முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி வேளாண்மை படித்தவர். பி.எட். பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் விரியப் போகிற ஒரு பருத்தி மொட்டை என் கையில் கொடுத்து, "இதில் ஆண் பாகத்தை மட்டும் எடுங்க" என்றார். படித்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. பேர்கள் எல்லாம் மறந்துபோயிருந்தன. அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மொட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கல்லூரியில் செம்பருத்தியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பருத்தியும் அதே குடும்பம். மகரந்தப் பைகள் எல்லாம் ஒரு குழல் மாதிரி, நடுவில் இருக்கும் தண்டை மூடிக்கொண்டிருக்கும். அடியில் நகத்தைக் கொடுத்துச் சுற்றித் திருகினேன். இதழோடு சேர்ந்து அந்தக் குழல் கழன்று வந்தது. தண்டு நின்றது, நுனியில் மட்டும் என் நகம் லேசாகப் பட்டிருந்தது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போது அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வேலை கிடைத்தது.

தேவதானத்தில் போன வருஷம் என்ன நடந்தது என்பது, நான் போய்ச் சேர்ந்த சில நாளிலேயே தெரிந்துவிட்டது. பெண்கள் சாயங்காலம் மொட்டுகளில் ஆண் பாகத்தை எடுத்து, அடையாளத்துக்குச் சிவப்புக் காகிதம் மாட்டுவார்கள். மறுநாள் காலையில் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். அதை நன்றாகவே செய்தார்கள். ஆனால் கைக்குத் தப்பி, தானாகப் பூத்துக் காய்த்துவிடும் காய்களைக் கிள்ளி எறிய வேண்டும். அதை அவர்கள் செய்யவில்லை. கலப்படம் வந்தது அதனால்தான்.

"காய்ச்ச காயப் போயிக் கிள்ளச் சொல்லுதிய, பாவம்லா?" என்றாள் மாரியம்மா என்கிற அக்கா. அவள் கிள்ளாமல் இலைக்கு அடியில் மறைத்தே வைத்திருந்தாள்.

"அந்த ஒண்ண விட்டா, நீங்க கஷ்டப்பட்டு வச்ச காய் அம்புட்டையும் தள்ளிருவாங்கக்கா" என்றேன். நான் சொல்லி ஒரே நாளில் கேட்கவில்லை. தினமும் வரிசையில் கூடவே நடந்து, நானே கிள்ளினேன். பிறகு அவளும் முணுமுணுத்துக்கொண்டே கிள்ளினாள். அந்த வருஷம் விதை தேறியது. என் முதல் சம்பளத்தை அப்பா தொட்டுக் கொடுக்க, கோவிலில் வைத்தேன்.

இங்கேயே முடித்தால் அழகாக இருக்கும். உண்மை இதைவிடக் கொஞ்சம் கசப்பு. அது சீசன் வேலை. பூ முடிந்தால் வேலை முடியும், மறுபடியும் துணி மடிப்போம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சர்க்கார் வேலைக்கு இன்றுவரை கூப்பிடவில்லை. வீட்டில் கழிந்த அந்த வருஷங்களை ஏன் எடுத்துக்கொண்டீர் என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வேதியியல் கிடைத்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இப்போதும் சில நாள் நினைப்பேன். கஸ்தூரியைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

அப்பாவின் நெஞ்சு தேறவே இல்லை. 1995 கடைசியில் படுக்கையோடு ஆகிவிட்டார். டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்த நவம்பரில் ஒரு மத்தியானம், மழை வரும் போல இருந்ததால் வயலில் வேலையைச் சீக்கிரம் நிறுத்திவிட்டு வந்தேன். புதிதாக வருகிற பெண்களுக்குப் பழக்கிக் காட்ட வைத்திருந்த மொட்டுகள் ஈரத்துணியில் மீதி இருந்தன. அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, நீ காலேஜுல என்னதான் படிச்ச?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டார். என்னைச் சேர்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பாஸா என்று கேட்பார், எப்போது முடியும் என்று கேட்பார். என்ன படிக்கிறாய் என்று கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஈரத்துணியைப் பிரித்தேன். ஒரு மொட்டை எடுத்து, நகம் எங்கே போக வேண்டும், எப்படித் திருக வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே பிரித்துக் காட்டினேன். அவர் கையை நீட்டினார். ஒன்றைக் கொடுத்தேன். மூச்சு வாங்கினாலும் கை நடுங்கவில்லை. ஓடுகிற மிஷினில் அறுந்த நூலைப் பிடித்து ஒட்டியே பழகிய விரல். நகத்தைக் கொடுத்துத் திருகியதும் குழல் முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே தண்டில் ஒரு கீறல் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"முப்பது வருசம் பஞ்சுக்குள்ளேயே கெடந்தேன். இதப் பாத்ததில்லயே" என்றார். பிறகு, "இன்னொண்ணு தா" என்றார்.

துணியில் இருந்த மொட்டு அத்தனையும் தீரும்வரை இரண்டு பேரும் பிரித்தோம். அம்மா டீ கொண்டுவந்து, படுக்கை எல்லாம் குப்பையாகக் கிடப்பதைப் பார்த்து இரண்டு பேரையும் சத்தம் போட்டாள். அந்த வருஷத்துப் பருத்தி எடுத்து முடிவதற்கு முன்னால் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இதை வாசிக்கிறவர்களில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள் இருப்பீர்கள். ஜெபியுங்கள். வாய் வராவிட்டால் மண்டி மட்டுமாவது போடுங்கள். என் ஜெபமும் அப்படித்தான் கேட்கப்பட்டது. எந்த வேலை என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்காகப் பொருத்தனை செய்கிற தாய் தகப்பன்மாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கோவிலுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீ என்ன படிக்கிறாய் என்று ஒரு தடவை கேளுங்கள். அந்தக் கேள்வி என் வீட்டுக்கு வந்து சேரப் பதின்மூன்று வருஷம் ஆனது. அப்பா கண் மூடுவதற்குள் வந்து சேர்ந்ததே, அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.